கோபம் யார் மேல் விழுகிறது? அரசியல் எழுத்தை அச்சுக்கு முன் சரிபார்க்கும் முறை

துண்டறிக்கை, கண்டன உரை, போராட்ட முழக்கம் இவற்றையெல்லாம் அச்சுக்குப் போகும் முன் திருத்திக் கொடுப்பது என் வேலை. எழுத்துப்பிழை பார்க்கத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதிக நேரம் பிடிப்பதோ, கோபம் உரிய ஆள் மேல்தான் விழுகிறதா என்று பார்ப்பதில். காரத்தைக் குறைக்கச் சொல்லவே மாட்டேன். ஆதாரம் கையில் இருந்தால் ஆட்சியாளரை எவ்வளவு வேண்டுமானாலும் வெளுத்து வாங்கலாம்.

முதலில் பென்சிலை எடுத்து, தாக்குகிற ஒவ்வொரு வாக்கியத்திலும் அடி யாருக்கு என்று வட்டமிடுங்கள். அமைச்சர், கட்சி, சட்டம், தீர்மானம் என்று வந்தால் மேலே போகலாம். சாதி, மதம், இனம், பாலினம், உடற்குறை வந்தால் நில்லுங்கள். ஆனால் வழுக்கும் இடம் இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. என் கைக்கு வந்த ஒரு துண்டறிக்கை இப்படிப் போனது: “உறவினர் நிறுவனத்துக்கே ஒப்பந்தத்தைக் கொடுத்தார் அமைச்சர். கேட்டால் பதில் இல்லை. இவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?” முதல் இரண்டும் நல்ல அடி. மூன்றாவதில் வந்த ‘இவர்கள்’ யார்? கட்சிக்காரர்களா, அமைச்சர் பிறந்த சமூகமா? படிக்கிறவர் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார். எழுதியவருக்கும் அது தெரியும். அதை அடித்துவிட்டு, “டெண்டர் எப்போது விடப்பட்டது? எத்தனை நிறுவனங்கள் போட்டியிட்டன?” என்று போட்டேன். அமைச்சருக்கு வலிப்பது இந்தக் கேள்விதான்.

அப்புறம் ஆளை மாற்றிப் படியுங்கள். இதே காரியத்தை உங்கள் பக்கத்து ஆள் செய்திருந்தால் இதே வாக்கியத்தை எழுதுவீர்களா? வரியை உயர்த்தியவர் ஆணாக இருந்தால் அவருடைய கல்யாணத்தையும் உடம்பையும் இழுப்பீர்களா? பெண் தலைவர்களைப் பற்றிய பத்திகளில் பாதி இந்தச் சோதனையிலேயே உதிர்ந்துவிடும். ஆனால் இது எல்லா இடத்திலும் செல்லாது. காலங்காலமாக மிதிபட்டவரைக் குறித்த வசையும் மிதித்தவரைக் குறித்த வசையும் காகிதத்தில் ஒன்றுபோலத் தெரியலாம், விளைவு ஒன்றல்ல.

வெளிநாட்டு விவகாரம் என்றால் அரசையும் மக்களையும் பிரித்து எழுதுங்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அந்தக் கோபம் அமெரிக்காவிலேயே வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் மேல் திரும்பியது. 1942 முதல் ஏறத்தாழ 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் தரச் சட்டம் போட 1988 ஆகிவிட்டது.

பூச்சி, புழு, நோய்க்கிருமி என்று ஒரு மக்கள் கூட்டத்தைச் சொல்லியிருந்தால் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள், அடித்துவிடுங்கள். ருவாண்டாவில் 1994-ல் ஆர்.டி.எல்.எம். வானொலி டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று சொல்லிக்கொண்டே இருந்தது, கொலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே. அதன் பொறுப்பாளர்களை 2003-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் குற்றவாளிகள் என்றது.

சட்டத்தின் கோடு வேறு, கண்ணியத்தின் கோடு வேறு. பாகுபாட்டுக்கோ வன்முறைக்கோ தூண்டும் இன, மத வெறுப்புப் பிரச்சாரத்தைச் சட்டத்தால் தடுக்கச் சொல்கிறது, 1966-ல் ஐ.நா. ஏற்ற குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவு. அதை எப்படி அளப்பது என்று 2012-ல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கூட்டிய நிபுணர்கள் வகுத்த ரபாத் செயல்திட்டம் ஆறு விஷயங்களைச் சொன்னது: சூழல், பேசுபவரின் அந்தஸ்து, நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், எவ்வளவு தூரம் பரவும், தீங்கு நேரும் வாய்ப்பு. வேண்டுமென்றே உயரமாக வைத்த கோடு அது. “சிறைக்குப் போகுமளவுக்கு இல்லையே” என்று வாதாடுபவர் இதைத்தான் பிடித்துக்கொள்வார். துண்டறிக்கைக்கு அது பதிலாகாது. ஆனாலும் அந்த ஆறில் இரண்டாவதை நான் தினமும் பயன்படுத்துகிறேன். வட்டமேசையில் நாலு பேர் சிரித்துவிட்டுப் போகும் வரியையே தலைவர் ஒலிபெருக்கியில் சொன்னால் தொண்டர்களுக்கு அது உத்தரவு.

எதிர்ப்பக்கத்து ஏமாற்றையும் கவனியுங்கள். கணக்குக் கேட்டதும் “எங்கள் மதத்தையே இழிவுபடுத்துகிறார்கள்” என்று கிளம்பும் தலைவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மத நிறுவனத்தின் வரவுசெலவைக் கேட்பதும், ஒரு நம்பிக்கையோடு வாதிடுவதும் வெறுப்பு ஆகாது. பென்சில் வட்டத்தைக் காட்டுங்கள்: அங்கே நிற்பது பொருளாளர், பக்தர்கள் இல்லை. யாராவது நிஜமாகவே புண்பட்டு வந்து சொன்னால் மட்டும், “என் நண்பர்களிலேயே உங்கள் ஆட்கள் உண்டு” என்று ஆரம்பிக்காதீர்கள். எந்தச் சொல் என்று கேட்டு, அதைப் பாருங்கள்.

தலைப்பைக் கடைசியில் தனியாகப் படியுங்கள். உள்ளே ‘சில நிர்வாகிகள்’ என்று கவனமாக எழுதியிருப்பார்கள். இடம் போதவில்லை என்று தலைப்பில் ‘சில’ போய், நிர்வாகிகளும் போய், சமூகத்தின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் நிற்கும். எழுத்தளவைக் குறைத்தாவது அந்த இரண்டு சொற்களையும் திரும்ப உள்ளே கொண்டுவாருங்கள்.