பழைய மடக்குக் கத்தி இறுகிப்போனால்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் பக்கத்துப் பழைய கார்பன் எஃகுக் கத்திகள் திறக்க மறுத்தால் குறடு போட்டு இழுக்காதீர்கள். அலகு கீறும், சில சமயம் முனையே ஒடியும். ரிவிட் இருக்கும் மூட்டில் மட்டும் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். எலும்புப் பிடியில் எண்ணெய் ஊறினால் கறுத்துவிடும், வழிந்ததை உடனே துடைக்கவும். மறுநாள் இருபது, முப்பது முறை திறந்து மூடினால் எண்ணெய் துருவோடு செம்பழுப்பாகக் கசியும். அது தெளியும்வரை துடைத்துத் துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

அலகில் சாம்பல் கலந்த கறுப்பு நிறத்தில் படிந்திருப்பது கறையல்ல, துருவுக்கு எதிரான காப்பு. அதை விட்டுவிடுங்கள். சிவப்புத் துருவை மட்டும் 0000 ஸ்டீல் வுல்லில் (மிக நுண்ணிய எஃகு இழைப் பஞ்சு) எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும். பளபளப்பாக்கும் ஆசையில் சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் அலகு சூடேறும். ஓரம் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் (எஃகின் கடினம்) போயிற்று, இனி கூர் நிற்காது.

முனை உடைந்த கத்தியில்தான் பலரும் தவறுகிறார்கள். வெட்டும் பக்கத்தை மேல்நோக்கி அராவினால் புது முனை அலகின் முதுகு (வெட்டாத பக்கம்) மட்டத்துக்கு ஏறிவிடும். மூடியபின் பிடிக்கு வெளியே துருத்திக்கொண்டு பையையும் விரலையும் கிழிக்கும். முதுகுப் பக்கத்திலிருந்து அராவி முனையைக் கீழே இறக்குங்கள். அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக்கொண்டால் பதமும் தப்பும். கடைசியாக 1000 கிரிட் (மணல் நுண்மை அளவு) சாணைக் கல்லில், பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வில் தீட்டவும்.