பழைய காருக்கு ஸ்பார்க் பிளக்: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் பிளக் வாங்கும்போது சொல்லிவைத்தாற்போல் ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள். வயரை மாற்றிச் செருகுவது, கொதிக்கும் எஞ்சினில் பிளக்கைக் கழற்றுவது போன்றவை ஒருமுறை பட்டால் தெளிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கழற்றிய பிளக்கையே மாதிரியாகக் காட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். கழற்றிய பிளக்கைத் துணியில் துடைத்து நீட்டி, "இதே மாதிரி நான்கு கொடுங்கள்" என்பார்கள். அதை அங்கே மாட்டியது யார்? கார் எத்தனையோ கை மாறி வந்திருக்கும். அவசரத்துக்குக் கிடைத்ததை ஒருவர் முடுக்கியிருப்பார், வண்டியும் ஓடியிருக்கும். அடுத்தவர் அதைப் பார்த்து அதையே வாங்கியிருப்பார். பரம்பரைச் சொத்துபோலத் தவறு இறங்கிக்கொண்டே வரும்.

14 மி.மீ. விட்டமுள்ள பிளக்குகளில் மரை நீளம் 12.7 மி.மீ. கொண்டவையும் உண்டு, 19 மி.மீ. கொண்டவையும் உண்டு. இரண்டும் ஒரே துளையில் ஏறும், வினையே அங்குதான். குட்டை மரைக்கான ஹெட்டில் (பிளக் ஏறும் சிலிண்டர் மூடியில்) நீளமானதை ஏற்றினால் நுனி எரியறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். சில எஞ்சின்களில் பிஸ்டன் வந்து இடிக்கும். அதாவது சத்தம் போட்டுச் சொல்லிவிடும். நீள மரைக்கான ஹெட்டில் குட்டையானதைப் போட்டால் எஞ்சின் சற்று மந்தமாக ஓடிக்கொண்டே இருக்கும். பிளக் எட்டாத அடி மரைகளில் மட்டும் கரி படிந்து இறுகும்.

அப்படியொரு காரை வாங்கிய நண்பர், கையேட்டைப் பார்த்துச் சரியான 19 மி.மீ. பிளக்கைத்தான் வாங்கினார். பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கு விரலாலேயே ஏறிய பிளக் அங்கே நின்றது. நீளமான பிடியைப் போட்டு அழுத்தினார். எஃகு பிளக், அலுமினிய ஹெட். திரும்பக் கழற்றியபோது பிளக்கின் மரைப் பள்ளங்களில் அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஹெட்டை இறக்கி, துளையைப் பெரிதாக்கி, கம்பிச்சுருள் மரை பதிக்க ஆன செலவில் அந்தக் காரின் ஆயுளுக்கே பிளக் வாங்கியிருக்கலாம்.

ஆகவே தேடலைத் தயாரிப்பாளரின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். அதையும் எஞ்சின் எண்ணை வைத்துப் பாருங்கள். பழைய கார்களில் எஞ்சினே மாறியிருக்கக்கூடும். பிறகு பழைய பிளக்கில் இருக்கை முகத்திலிருந்து (ஹெட்டின் மேல் அமரும் பகுதியிலிருந்து) மரை முடியும் இடம்வரை அளந்து, புதியதோடு ஒப்பிடுங்கள். பழையது குட்டை என்றால், மரை சுத்தம் செய்யும் கருவியில் கிரீஸ் தடவி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் கரியை எடுத்த பிறகே புதியதை ஏற்ற வேண்டும். கிரீஸ் இல்லாவிட்டால் கரித்தூள் சிலிண்டருக்குள் விழும்.

பிராண்டை மாற்றி எண்ணை மாற்றாமல் இருப்பது

என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் வெப்ப எண் கூடக் கூட பிளக் குளிர்ச்சியானது, அதாவது நுனியின் வெப்பத்தை வேகமாக ஹெட்டுக்குக் கடத்திவிடும். பாஷ், சாம்பியன் இரண்டிலும் நேர் எதிர். என்ஜிகே பிபி6இஎஸ் பிளக்குக்கு இணை, பாஷில் டபிள்யூ7டிசி. 6 என்று எழுதியிருப்பதால் பாஷில் 6 கேட்டால், தேவையைவிடக் குளிர்ச்சியான பிளக் கைக்கு வரும். நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். எட்டாவிட்டால் கறுத்துப்போய் பொறி தவறும். மறுபுறம் 850 டிகிரியைத் தாண்டவிட்டால், பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும்; பிஸ்டன் ஓட்டையாவது அப்படித்தான். இரண்டில் எது மோசம் என்று என்னைக் கேட்டால், பின்னதுதான்.

இரிடியம் மோகம்

நுனியில் இரிடியம் உலோகம் வைத்த பிளக்கின் பெரிய ஆதாயம் நீண்ட ஆயுள். கார்புரேட்டர் சரியாக இல்லாத எஞ்சினில் பிளக் தேய்வதற்கு முன்பே கரி பிடித்துவிடும். ஆயுளுக்குக் கொடுத்த காசு வீண். சாதாரண நிக்கல் பிளக் போதும்.

பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டுவது

பொறி தாவும் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அளந்துவிட்டு மாட்டுங்கள். பாயின்ட் (திறந்து மூடிப் பொறியைத் தூண்டும் தொடுமுனை) வைத்த பழைய எஞ்சின்கள் பலவற்றுக்கு 0.6 முதல் 0.7 மி.மீ. வரை போதும், 1.1 மி.மீ. என்றால் பொறிக்கு மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் (சுருள்) திணறும்.

வாஷர்

தட்டை இருக்கை கொண்ட பிளக்குக்கு வாஷர் உண்டு, கூம்பு இருக்கை கொண்டதற்குக் கிடையாது. ஒருவகை பிளக்குக்குப் பதில் மற்றது ஆகாது.

ரெசிஸ்டர்

பாயின்ட்டுக்குப் பதில் மின்னணு இக்னிஷனை மாட்டியிருந்தால், மின் இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர் (மின்தடை) உள்ள பிளக்கை, அதாவது பெயரில் 'ஆர்' உள்ளதையே வாங்குங்கள்.