வைரத் தோடு வாங்கப் போகிறீர்களா? தங்கக் கணக்கை வாசலிலேயே விட்டுவிடுங்கள்

தங்கம் வாங்குவது எப்படி என்று நம் வீடுகளில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைக்குக் கிராம் என்ன விலை, சேதாரம் எத்தனை சதவீதம், ஹால்மார்க் முத்திரை எங்கே இருக்கிறது, எல்லாம் அம்மாக்களுக்கு அத்துப்படி. அதே கணக்கோடு வைரம் வாங்கப் போகும்போதுதான் பணம் நழுவுகிறது. நான் பார்த்தவரை, வைரத்தில் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. தங்கத்தின் விவரம் நன்றாகத் தெரிந்தவர்கள்.

முதலில் விலை. தங்கத்துக்குத் தினமும் ஒரு விலை உண்டு, எந்தக் கடைக்குப் போனாலும் ஏறக்குறைய அதேதான். வைரத்துக்கு அப்படிப் பலகையில் எழுதிப்போடும் விலை கிடையாது. கடைக்குக் கடை மாறும். அதனால் 'கேரட்டுக்கு இத்தனை ஆயிரம் தள்ளுபடி' என்ற விளம்பரத்தை நம்பி ஓடாதீர்கள் (தங்கத்தில் கேரட் என்றால் தரம், வைரத்தில் அது எடை). எந்த விலையிலிருந்து தள்ளுபடி என்று தெரியாதவரை அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஒரே அளவுக் கல், ஒரே நிறம், ஒரே கிளாரிட்டி (கல்லுக்குள் மாசு எவ்வளவு குறைவு என்ற தரம்) என்று சொல்லி, செய்கூலியும் 3 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று இரண்டு மூன்று கடைகளில் எழுதி வாங்குங்கள். அந்தக் கடைசித் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது எடை. பெரிய தவறு நடக்கும் இடம் இதுதான். ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம், அதாவது 100 சென்ட். தங்கத்தில் எட்டு கிராம் காசு ஒன்றும், நாலு கிராம் காசு இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. வைரத்தில் அப்படி இல்லை. கல் பெரிதாக ஆக, கேரட்டுக்கான விலையே ஏறும். ஏழுகல் தோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோடிக்கு 14 கல், ஒவ்வொன்றும் 10 சென்ட் என்றால் மொத்தம் 1.40 கேரட். 1.40 கேரட் ஒற்றைக் கல்லின் விலையோடு அதற்குச் சம்பந்தமே கிடையாது. அதே 1.40 கேரட்டைப் பொடிப்பொடிக் கற்களாக ஒரு பதக்கத்தில் பரப்பினால் விலை இன்னும் குறைய வேண்டும். மொத்த கேரட்டை மட்டும் சொல்லி விலை பேசினால், 'ஒரு கல் எத்தனை சென்ட்?' என்று கேளுங்கள். அதற்குப் பதில் வராத கடையில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

ஒற்றைக்கல் மோதிரம் என்றால், சரியாக ஒரு கேரட்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். அரை கேரட், ஒரு கேரட் போன்ற எல்லைகளில் விலை சட்டென்று எகிறும். 95 சென்ட்டுக்கும் 100 சென்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எடையைவிடப் பட்டை தீட்டல்தான் ஜொலிப்பைத் தீர்மானிக்கிறது. நன்றாக வெட்டிய ஒரு கேரட் வட்டக் கல் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அடிப்பாகம் கனமாக விட்ட கல்லில் எடை இருக்கும், அகலமும் ஒளியும் இருக்காது.

கடைக்காரர் 'ஈ-எஃப் கலர், விவிஎஸ் கிளாரிட்டி' என்பார். நிறமே இல்லாத, மாசு மிக மிகக் குறைந்த கல் என்று அர்த்தம். தரமான கல்தான், மறுக்கவில்லை. ஆனால் விவிஎஸ்ஸுக்கும் அதற்கு அடுத்த படியான விஎஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில்தான் தெரியும். 5 சென்ட் கல்லில் அதற்கு எதற்குக் கூடுதல் காசு? மஞ்சள் தங்கத்தில் பதித்தால் அடுத்த படிகளான ஜி, எச் நிறக் கல்லும் வெள்ளையாகத்தான் தெரியும்.

நம் பக்கத்துப் பழைய பாணித் தோடுகள் பின்பக்கம் தங்கத்தால் மூடிய குளோஸ்டு செட்டிங். அழகு, சந்தேகமில்லை. ஆனால் கல்லின் அடிப்பாகத்தைப் பார்க்கவே முடியாது. பதித்த நகையில் பரிசோதனைக்கூடமும் உத்தேசமாகத்தான் தரம் சொல்ல முடியும். முடிந்தால் பதிக்கும் முன் கற்களைப் பாருங்கள். கடையின் ஸ்பாட் விளக்குக்கு அடியில் எந்தக் கல்லும் மின்னும். கண்ணாடிக் கதவருகே, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

ப்ளூ ஜாகர் என்று சொல்லி விற்பார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்திலிருந்து வந்த பெயர் அது. அந்தச் சுரங்கம் 1971-லேயே மூடப்பட்டுவிட்டது. இன்று பெரும்பாலும் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும் எந்தக் கல்லுக்கும் அந்தப் பெயரை வைக்கிறார்கள். அந்த ஒளிர்வு மிக அதிகமான சில கற்கள் வெயிலில் பால் கலந்த மாதிரி மங்கும். பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

வைரம் ஒத்துக்கொள்ளுமா என்று சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தோஷத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, கடை சம்மதித்தால் விடாதீர்கள். வெளியில் ஒருவரிடம் காட்டிச் சோதிக்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

பேனா மாதிரி டெஸ்டரை வைத்து 'பீப்' சத்தம் கேட்டதும் திருப்தியாகிவிட வேண்டாம். கல் வெப்பத்தைக் கடத்துவதை மட்டும் அளக்கும் டெஸ்டரில், வைரம் மாதிரியே தெரியும் மாய்சனைட் என்ற வேறு கல்லும் தேறிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரமோ உண்மையிலேயே வைரம்தான், அதனால் அதுவும் தேறும். ஆய்வக வைரம் வாங்குவது தவறே இல்லை. ஆனால் சில ஆண்டுகளாக அதன் விலை கடுமையாகச் சரிந்திருக்கிறது, திருப்பி விற்றால் கிடைப்பது சொற்பம். இயற்கை வைர விலையில் அதை வாங்கிவிடக் கூடாது. வைரத்தைச் சோதித்துத் தரம் சொல்லும் நிறுவனங்களான ஜிஐஏ, ஐஜிஐ தரும் சான்றிதழில் எந்த வகை என்று தெளிவாக இருக்கும். ஒற்றைக்கல் என்றால் கல்லின் இடுப்பில் (அகலமான விளிம்பில்) லேசரால் பொறித்த எண்ணை லென்ஸில் காட்டச் சொல்லி, அதே எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான். தங்கத்தின் தரத்தைக் காட்டும் '18கே750' என்ற முத்திரை வைரத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

பில் போடும்போது தங்கத்தின் நிகர எடை தனியாக, வைரத்தின் எடையும் எண்ணிக்கையும் தனியாக இருக்க வேண்டும். 1.40 கேரட் என்பது 0.28 கிராம். அதைக் கழிக்காமல் விட்டால் அந்த எடைக்குத் தங்க விலையும் கொடுப்பீர்கள், வைர விலையும் கொடுப்பீர்கள். அப்புறம், திருப்பிக் கொடுத்தால் வைரத்தின் மதிப்பில் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். நகை மாற்றினால் ஒன்று, ரொக்கமாகக் கேட்டால் வேறொன்று என்பார்கள். செய்கூலியும் வரியும் எப்படியும் திரும்பாது. மாற்றினால் எவ்வளவு, ரொக்கத்துக்கு எவ்வளவு என்ற இரு சதவீதங்களையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லிவிட்டு, அதன்பிறகு பணத்தைக் கட்டுங்கள்.