தொடர்ந்து வெளிவரும் சூப்பர் ஹீரோயின் காமிக்ஸுக்கு வாசகர் கடிதம் எழுதும் முறை

மாதந்தோறும் வெளிவரும் ஒரு சூப்பர் ஹீரோயின் தொடரைப் படித்து மகிழ்வதற்கோ கொதிப்பதற்கோ யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த மகிழ்ச்சியையும் கொதிப்பையும் தொடரை உருவாக்குபவர்களுக்குப் பயன்படும் விதத்தில் எழுதி அனுப்புவதற்குத்தான் கொஞ்சம் பயிற்சி வேண்டும். அமெரிக்க காமிக்ஸ் இதழ்கள் பலவற்றில் இன்றும் கடைசிப் பக்கம் வாசகர் கடிதங்களுக்கே ஒதுக்கப்படுகிறது. மார்வெல் நிறுவனம் 2014 பிப்ரவரியில் தொடங்கிய 'மிஸ் மார்வெல்' தொடரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்தப் பக்கத்துக்கு எப்படி எழுதுவது என்பதை இங்கே விளக்குகிறேன். ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய அமெரிக்கப் பள்ளி மாணவி கமலா கானை நாயகியாகக் கொண்ட இந்தத் தொடரை ஜி. வில்லோ வில்சன் எழுத, ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்தார். கமலாவை உருவாக்கியவர்களுள் ஒருவரான சனா அமானத் அதன் பதிப்பாசிரியராக இருந்தார். முதல் இதழ் ஏழு முறை அச்சானது என்பதும், முதல் தொகுப்பு நூல் 2015இல் அறிவியல் புனைவு, மிகுபுனைவுப் படைப்புகளுக்கான ஹியூகோ விருது பெற்றது என்பதும் அதற்குக் கிடைத்த வரவேற்பைக் காட்டும்.

எழுத உட்காரும் முன் அறிந்துகொள்ள வேண்டியது, ஓர் இதழ் தயாராகும் கால ஓட்டம். ஐந்தாம் இதழ் கடைக்கு வரும் வாரத்தில் ஆறாம் இதழ் பெரும்பாலும் முடிந்திருக்கும், ஏழாம் இதழ் வரையப்பட்டுக்கொண்டிருக்கும், எட்டாம் இதழின் கதை எழுத்தில் இருக்கும். வரவிருக்கும் இதழ்களின் அட்டையும் சுருக்கமும் விற்பனைக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே கடைகளுக்கான பட்டியலில் வெளியாகிவிடும். ஆகவே அச்சாகிக் கையில் கிடைத்த ஒரு திருப்பத்தை மாற்றச் சொல்லி எழுதுவதால் அந்தத் திருப்பம் மாறப்போவதில்லை. அதன் விளைவுகள் இனி எப்படிக் கையாளப்படும் என்பதைப் பற்றி எழுதினால் அதற்கு இடமிருக்கிறது. இன்னும் வெளிவராத ஒன்றைப் பற்றிய கருத்துக்கு இதைவிடக் கூடுதல் வலிமை உண்டு.

இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்தால் இது தெளிவாகும். 2015 மார்ச்சில், ஜூன் மாதம் வரவிருந்த 'பேட்கேர்ள்' 41ஆம் இதழுக்காக ரஃபேல் அல்புகெர்கி வரைந்த மாற்று அட்டைப்படம் (வழக்கமான அட்டையோடு கூடுதலாக வெளியிடப்படும் வேறோர் அட்டை) ஒன்று முன்கூட்டியே வெளியானது. பேட்மேன் கதைகளின் கொடிய வில்லன் ஜோக்கரின் பிடியில் பேட்கேர்ள் கண்ணீருடன் நிற்கும் அந்தப் படம், அப்போது இளமைத் துள்ளலோடு நடந்துகொண்டிருந்த தொடரின் தொனிக்குச் சற்றும் பொருந்தவில்லை என்று பலர் எதிர்த்தார்கள். வேறு பலர் அட்டை இருந்தே ஆகவேண்டும் என்று வாதிட்டார்கள். ஓவியரே கேட்டுக்கொண்டதன் பேரில் டிசி நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. அச்சுக்குப் போகுமுன் எதிர்ப்பு வந்ததால்தான் அப்படி ஒரு முடிவு எடுக்க முடிந்தது. 2023 மே மாதக் கடைசியில் வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 26ஆம் இதழில் கமலா கான் கொல்லப்பட்டபோது நிலைமை வேறு. தனக்கென்று தொடர் நடத்திய நாயகி, இன்னொருவரின் இதழில், அவருடைய துயரத்துக்குக் காரணமாக்கப்படுவதற்காகவே இறக்கிறாள் என்று ரசிகர்கள் கொந்தளித்தார்கள். ஜூலை இறுதியில் எக்ஸ்மென் வரிசையின் சிறப்பிதழ் ஒன்றில் அவள் உயிர்பெற்றாள்; ஆகஸ்டில், திரையில் கமலாவாக நடித்த இமான் வெல்லானியே சேர்ந்து எழுதிய புதிய தொடரும் வந்துவிட்டது. தங்கள் கோபத்தால்தான் அவள் மீண்டாள் என்று நம்புவது சுகமாக இருக்கலாம். ஆனால் இரண்டு மாதத்தில் ஒரு முடிவை மாற்றி, எழுதி, வரைந்து, அச்சிட்டு அனுப்புவது எளிதல்ல என்பதால், எல்லாம் முன்பே திட்டமிடப்பட்டது என்றே கொள்ள வேண்டும். அந்தக் கோபம் நியாயமானதுதான் என்பது என் கருத்து. ஆனால் அவளை ஏன் கொன்றீர்கள் என்று மட்டும் கேட்ட கடிதத்தைவிட, உயிர்பெற்ற பின் அவளுடைய குடும்பத்துக்கும் ஜெர்சி சிட்டிக்கும் கதையில் இடமிருக்குமா என்று கேட்ட கடிதத்துக்கே அந்த வேளையில் வேலை இருந்தது.

கடிதத்தைவிட முன்னதாகப் போய்ச்சேரும் ஒரு கருத்து உண்டு. அது கடைக்காரரிடம் செய்யும் முன்பதிவு. அமெரிக்க காமிக்ஸ் கடைகள் தனி இதழ்களைப் பெரும்பாலும் திருப்பித்தர முடியாத அடிப்படையில் வாங்குகின்றன. விற்காமல் தேங்குபவை கடைக்காரரின் நட்டம். அதனால் வெளியீட்டுக்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன் வரும் இறுதி ஆர்டர் நாளில் அவர் மிகக் கவனமாகவே எண்ணிக்கை தருவார். ஒரு தொடர் நீடிக்குமா நிறுத்தப்படுமா என்ற கணக்கில் அந்த எண்ணிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. 1998இல் தொடங்கிய 'ஸ்பைடர்கேர்ள்' இதற்குச் சரியான சான்று. ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரின் மகள் மேடே பார்க்கரை நாயகியாகக் கொண்டு டாம் டிஃபால்கோ எழுதிய அந்தத் தொடர் நிறுத்தப்படுவதாகப் பலமுறை அறிவிப்பு வந்தும், ரசிகர்கள் விடாமல் எழுதியதாலும் சிறு அளவுத் தொகுப்பு நூல்கள் நன்றாக விற்றதாலும் ஒவ்வொரு முறையும் தப்பி, 2006இல் நூறாவது இதழைத் தொட்டது. கடிதமும் காசும் ஒன்றாகப் போனதால் வந்த பலன் இது. உங்கள் ஊரில் இத்தகைய கடை இல்லையென்றால் மின்னிதழாகவோ தொகுப்பு நூலாகவோ வாங்குவதுதான் வழி. அப்படி வாங்குவதைக் கடிதத்தில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். மார்வெலின் சந்தாச் செயலியில் புதிய இதழ்கள் ஏறத்தாழ மூன்று மாதம் கழித்தே வருவதால், அதில் படிப்பவர் அண்மை இதழைப் பற்றி எழுதுவதைவிட, முடிந்துபோன ஒரு கதைப்பகுதியை முழுவதுமாக எடுத்து எழுதுவது பொருத்தம்.

இனி கடிதத்துக்கு வருவோம். இதழை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை கதைக்காக, இரண்டாம் முறை பக்கம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்காக. பிறகு எந்தத் தொடரின் எந்த இதழ் என்பதைத் தொடங்கிய ஆண்டோடு குறியுங்கள். 2014இல் தொடங்கிய 'மிஸ் மார்வெல்' 19 இதழ்களோடு முடிந்து, 2015 நவம்பரில் மறுபடியும் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியது. வெறுமனே ஐந்தாம் இதழ் என்று எழுதினால் எந்த ஐந்து என்று படிப்பவர் தேட வேண்டியிருக்கும். இந்த எண் விளையாட்டு விற்பனைக்காகச் செய்யப்படுவது. வாசகருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை என்றாலும் நாம்தான் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்ததாக, உள்ளே அச்சாகியிருக்கும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். 2014ஆம் ஆண்டுத் தொடரின் முதல் ஐந்து இதழ்களை அல்ஃபோனா வரைந்தார். எக்ஸ்மென் நாயகன் வோல்வரின் வரும் ஆறு, ஏழாம் இதழ்களை வரைந்தவர் ஜேக்கப் வையட். ஏழாம் இதழின் சண்டைக் காட்சியைப் புகழ்ந்து அல்ஃபோனாவுக்கு நன்றி சொன்னால், கடிதத்தின் மற்றப் பகுதி மீதும் நம்பிக்கை குறையும். வண்ணம் தீட்டிய இயன் ஹெர்ரிங்கையும், வசன பலூன்களுக்கு எழுத்து வடித்த ஜோ கராமான்யாவையும் பெயர் சொல்லிப் பாராட்டிய கடிதங்கள் எத்தனை இருந்திருக்கும்? அந்தத் தொடரின் இளமஞ்சளும் வெளிர்ப் பச்சையும் கலந்த நிறங்கள் இல்லாவிட்டால் அல்ஃபோனாவின் மெல்லிய கோடுகள் பாதி அழகை இழந்திருக்கும். அதை எழுத ஒரு வரி போதும்.

கடிதத்தின் நடுப்பகுதிக்கு ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்வது நல்லது. முதல் இதழின் தொடக்கத்தைப் பாருங்கள். தெருமுனைக் கடை ஒன்றில் கமலா, தான் உண்ணக்கூடாத பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச்சை ஏக்கத்தோடு முகர்ந்து பார்க்கிறாள். தோழி நகியாவும் நண்பன் புரூனோவும் அருகில் இருக்கிறார்கள். சக்தி கிடைப்பதற்கு வெகுமுன்பே, விலக்கப்பட்டதற்கு ஏங்குகிறவள், ஆனாலும் அதைத் தாண்டாதவள் என்று அவளுடைய குணம் முழுவதும் அந்த ஒரு செய்கையில் வந்துவிடுகிறது. இரண்டாம் இதழில், தான் போற்றும், முன்பு மிஸ் மார்வெலாக இருந்த நாயகி கேரல் டேன்வர்ஸின் பொன்னிறக் கூந்தலோடும் பழைய உடையோடும் உருமாறி நிற்கும் கமலாவுக்கு, கனவு கண்ட அந்த உருவமே தொல்லையாகிறது. கூந்தல் முகத்தில் விழுகிறது, உடை உறுத்துகிறது. அதே நேரத்தில், முந்தைய இதழில் அவளை இளக்காரமாகப் பேசிய ஸோயி தண்ணீரில் விழுகிறாள். ஒருவரைக் காப்பாற்றுவது மனிதகுலம் முழுவதையும் காப்பாற்றியது போன்றது என்று தந்தை அடிக்கடி சொல்லும் குர்ஆன் வசனம் கமலாவின் நினைவுக்கு வர, புதிதாகக் கிடைத்த உருமாறும் சக்தியால் கையைப் பெரிதாக்கி ஸோயியை அள்ளி எடுக்கிறாள்.

இந்தக் காட்சி அருமை என்று மட்டும் எழுதினால், அதை வைத்துக்கொண்டு பதிப்பாசிரியரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "இளக்காரம் செய்தவளையே முதலில் காப்பாற்ற வைத்தது எனக்குப் பிடித்தது; ஆனால் கமலா அதை யோசித்து முடிவெடுத்ததாகக் காட்டாமல், தந்தையின் சொல் தானாக நினைவுக்கு வந்ததாகக் காட்டியதால்தான் அது போதனையாக மாறவில்லை. அவளுடைய வீட்டார் கதையில் தொடர்ந்து இடம்பெற வேண்டும் என்று நான் விரும்புவது இதனால்தான்." இதில் எது, எந்த இடத்தில், ஏன் வேலை செய்தது என்பதும், எதை இன்னும் எதிர்பார்க்கிறோம் என்பதும் இருக்கின்றன. தமிழில் யோசித்து எழுதிவிட்டுப் பிறகு எளிய ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும். இலக்கண அழகை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தந்தையோ பாட்டியோ இருந்தால், அதை ஓரிரு வரிகளில் சேர்ப்பதில் தவறில்லை. நாயகியைவிட உங்கள் குடும்பம் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை சொல்வதற்கும் இதே முறைதான், கூடுதல் நிதானத்தோடு. 2014 டிசம்பரில் வந்த 'பேட்கேர்ள்' 37ஆம் இதழில், பேட்கேர்ள் வேடத்தில் திரிந்த வில்லன் ஆண் என்று வெளிப்படும் கட்டத்தில் நாயகி அதிர்ச்சி அடைவதாகக் காட்டியிருந்தார்கள். திருநர் வாசகர்களையும் புண்படுத்தும் பழைய கேலியை அது திரும்பச் செய்கிறது என்று வாசகர்கள் சுட்டிக்காட்டினார்கள். படைப்புக் குழு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. பின்னர் வந்த தொகுப்பு நூலில் அந்தக் கட்டம் திருத்தப்பட்டது. விமர்சனம் ஒரு குறிப்பிட்ட பக்கத்தையும் ஒரு குறிப்பிட்ட எதிர்வினையையும் சுட்டியதால் எதைத் திருத்துவது என்று அவர்களுக்குத் தெரிந்தது. தொடரே பாழாகிவிட்டது என்று எழுதியிருந்தால், அதிலிருந்து எந்த பலூனைத் திருத்த முடியும்?

சிலவற்றை முற்றிலும் தவிர்க்க வேண்டும். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று கதையை நீங்களே விரித்து எழுதாதீர்கள். வெளியாரின் கதைக் கருக்களைப் படித்தால் பின்னாளில் உரிமைச் சிக்கல் வரும் என்பதால், அத்தகைய கடிதத்தைப் பாதியிலேயே ஓரங்கட்டிவிடுவார்கள். ரசிகர்கள் அனைவரின் சார்பிலும் பேசாதீர்கள். மேலே சொன்ன அட்டைப்பட விவகாரத்தில் ரசிகர்கள் இரு அணியாக நின்றதே போதிய சான்று. அந்த விவகாரத்தில் அட்டையை எதிர்த்தவர்களுக்கு மிரட்டல்களும் வந்தன. எந்தத் தரப்பில் நின்றாலும் வசையும் மிரட்டலும் கலந்த கடிதம் கருத்தாகக் கொள்ளப்படாது; அதை எழுதியவரைத் தொடரின் வாசகராக நானும் மதிக்கமாட்டேன்.

அளவு இருநூறு ஆங்கிலச் சொற்களுக்குள் இருக்கட்டும்; கடிதப் பக்கத்தில் இடம் குறைவு, நீண்டவை வெட்டப்படும். அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் முகவரி இதழின் கடிதப் பக்கத்திலேயே இருக்கும். மார்வெல் இதழ்களுக்கு எழுதும்போது, அச்சிட இசைவு என்பதைக் குறிக்கும் 'ஓகே டு பிரின்ட்' என்ற சொற்களைத் தலைப்பு வரியில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கடிதம் படிக்கப்படலாம், அச்சாகாது. பெயரையும் ஊரையும் மட்டும் கீழே எழுதுங்கள். வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் வேண்டாம்.

கடிதம் அச்சானால் அது இரண்டு மூன்று இதழ்கள் தள்ளித்தான் வரும் என்பதால், அதுவரை வரும் இதழ்களின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். குறையைச் சுட்டி எழுதியிருந்தால், அந்தக் கதைப்பகுதியின் தொகுப்பு நூல் வந்ததும் தனி இதழோடு அந்தப் பக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்து, திருத்தம் இருந்தால் அதையும் இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள்.