அரபி வீட்டு மஜ்லிஸ்ல உக்காரும்போது நாம தெரியாம பண்ற தப்புங்க

வளைகுடால பத்து வருஷம் வேலை பாத்தாலும் ஒரு அரபி வீட்டு மஜ்லிஸுக்குள்ள, அதாவது விருந்தாளிங்களை உக்கார வெச்சுப் பேசுற கூடத்துக்குள்ள போய் உக்கார்ற வாய்ப்பு நம்மாளுங்களுக்கு எப்பவாவதுதான் வரும், அப்படி வந்தா தயவுசெஞ்சு கஹ்வாங்கற அரபிக் காபி விஷயத்துல கொஞ்சம் கவனமா இருங்க. ஏன்னா அது அங்க வெறும் காபி இல்ல, வந்தவருக்குக் குடுக்குற மரியாதையே அதுதான். சவுதி, எமிரேட்ஸ், ஓமன், கத்தார் நாலு நாடும் சேர்ந்து கேட்டு 2015ல யுனெஸ்கோ மரபுப் பட்டியல்ல அரபிக் காபியும் ஏறிச்சு, மஜ்லிஸும் ஏறிச்சு.

முதல் தப்பு, கப்பைப் பாத்து தப்புக்கணக்கு போடுறது. ஃபின்ஜான்னு பிடியில்லாத குட்டி கப், அதுலயும் அடியில கொஞ்சமாத்தான் ஊத்துவாங்க, நம்ம ஊர்ல நிறைய ஊத்துனாத்தானே உபசாரம், அதனால என்னடா இது இவ்ளோதானான்னு தோணும். ஆனா அங்க கப்பை நிரப்பிக் குடுத்தாதான் அவமானம், குடிச்சுட்டுக் கிளம்புன்னு அர்த்தமாயிடும். கொஞ்சமா ஊத்துனா நீங்க இருங்க, திரும்பத் திரும்ப ஊத்துறேன்னு அர்த்தம்.

ஊத்துறவர் தல்லாங்கற காபி கூஜாவை இடது கையில பிடிச்சு வலது கையால கப்பை நீட்டுவாரு, நீங்களும் வலது கையாலதான் வாங்கணும், இடதுகைப் பழக்கம் உள்ளவங்களும்தான். போதும்னா வாயால சொல்ல வேண்டாம், காலி கப்பை ரெண்டு மூணு தடவ லேசா ஆட்டிக் குடுத்தா போதும். எனக்கு இது தெரியாது, அவரு நின்னுக்கிட்டே இருக்காரேன்னு அஞ்சு கப் குடிச்சேன், பக்கத்துல இருந்த சூடான்காரர்தான் கைய ஆட்டிக் காட்டினாரு. பொதுவா மூணு கப்போட நிறுத்திக்கிறது நாகரிகம்.

அதே மாதிரி முதல் கப்பை வேண்டாம்னு சொல்லிடாதீங்க, உங்களுக்குப் பழக்கமில்லைன்னாலும் ஒரு வாய் குடிங்க. பதூயின்ங்கற பாலைவன நாடோடி மக்கள் வழக்கத்துல கப்பைக் குடிக்காம கீழ வெச்சா, விருந்தாளி ஏதோ கேக்க வந்திருக்காருன்னு அர்த்தம், என்ன வேணும்னு விசாரிச்சு வீட்டுக்காரர் வாக்குக் குடுத்தப்புறம்தான் அவரு குடிப்பாரு. வேணாம்னு நாம சும்மா வெக்கிற ஒரு கப்புக்கு அங்க அவ்ளோ கனம் இருக்கு.

அடுத்தது அவசரம். போன உடனே வந்த விஷயத்தை எடுக்கக்கூடாதுங்க, எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட பெரிய தப்பாத் தெரியுது. சலாம் சொல்லி, கீஃப் ஹாலக், அதாவது எப்படி இருக்கீங்கன்னு கேட்டு, உடம்பு எப்படி, வீட்ல எல்லாரும் எப்படின்னு ரெண்டு சுத்து போகும், அதுக்கு நிதானமா பதில் சொல்லணும். ஆனா வீட்டுக்காரரோட மனைவியைப் பத்தித் தனியா விசாரிக்காதீங்க, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு பொதுவா கேட்டா போதும். பெண்கள் இருந்தா அவங்களா கை நீட்டாம நீங்க நீட்டாதீங்க.

செருப்பை வாசல்லயே விட்டுடணும், உக்காரும்போது உள்ளங்கால் யாரையும் பாத்து இருக்கக்கூடாது. அப்புறம் அங்க இருக்குற பொருளை ரொம்பப் புகழாதீங்க, வெச்சுக்கோங்கன்னு உண்மையாவே கையில குடுத்துடுவாங்க, மாஷா அல்லாஹ்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு விட்டுடுங்க.

சாப்பாடு பெரிய தட்டுல கப்ஸாவோ மந்தியோ, ரெண்டுமே கறிச்சோறுதான், வரும், எல்லாரும் சுத்தி உக்காந்து சாப்பிடுவாங்க. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் சஹன்னு சொல்ற பெரிய தட்டுல ஒண்ணா சாப்பிட்டுப் பழகுனவங்களுக்கு இது புதுசு இல்ல, உங்க முன்னாடி இருக்குற பக்கத்துல மட்டும் எடுக்கணும், நடுவுல கை விட்டு நல்ல கறியாத் தேடக்கூடாது. அந்தக் கறியை வீட்டுக்காரரே பிச்சு உங்க பக்கம் வெப்பாரு, அதை மறுக்காதீங்க.

கடைசில ஊத்ங்கற வாசனைக் கட்டையோட புகை காட்டுவாங்க. ஊத் வந்தப்புறம் குஊத் இல்ல, அதாவது அதுக்கப்புறம் உக்கார்றது இல்லைன்னு அரபில எதுகையோட ஒரு பழமொழியே இருக்கு. புகையைத் துணியில வாங்கிக்கிட்டு எந்திரிங்க, வீட்டுக்காரர் வாசல் வரைக்கும் கூட வருவாரு, வண்டில சட்டுனு ஏறிடாம அங்க நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுக் கிளம்புங்க.