திருகோணமலையில் கடை போடுகிறீர்களா? லோகோவுக்குக் காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பக்கம் போகும்போது ரோட்டோரப் பெயர்ப்பலகைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். விடுதி, டைவிங் கடை, சாப்பாட்டுக் கடை என்று எதை எடுத்தாலும் கோணேசர் கோயில் கோபுரம், ஒரு டொல்பின், ஒரு தென்னை, பின்னால் உதிக்கும் சூரியன். எல்லாமே நம் ஊரின் பெருமைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான்கையும் ஒரே வட்டத்துக்குள் அடைத்தால் உங்கள் கடையும் பக்கத்துக் கடையும் ஒன்றாகத்தான் தெரியும். ஆகவே முதல் வேலை கழிப்பது. ஒரே ஒரு விஷயம் மிஞ்சும்வரை கழியுங்கள்.

எதை மிச்சம் வைப்பது என்று தெரியாவிட்டால், உங்கள் வாடிக்கையாளர் இன்னொருவருக்கு உங்கள் கடையை எப்படி அடையாளம் சொல்கிறார் என்று கேளுங்கள். "அந்த நீலக் கதவுக் கடை", "வாசலில் மான் படுத்துக் கிடக்குமே, அந்தக் கடை". அந்தக் கதவோ மானோதான் உங்கள் லோகோ. சனம் ஏற்கெனவே தேர்ந்து வைத்திருப்பதை விட்டுவிட்டு வேறு எங்கே போய்த் தேடுவது?

விற்கும் பொருளை வரைந்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. 1971இல் நைக்கி நிறுவனத்துக்கு அந்த வளைகோட்டை வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி, வாங்கிய கூலி 35 டொலர். அதில் சப்பாத்து எங்கே இருக்கிறது? நிறுவனர்களில் ஒருவரான ஃபில் நைட்டுக்கே முதலில் அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வருடக்கணக்காக ஓட்டக்காரர்களின் காலில் இருந்து இருந்துதான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம் வந்தது.

சரி, ஒரு படம் கைக்கு வந்துவிட்டது. உடனே அதைச் சின்னதாக்குங்கள், வட்ஸ்அப் முகப்புப் படம் அளவுக்கு. அப்பிள் லோகோவில் ஏன் ஒரு கடி இருக்கிறது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். 1977இல் அதை வரைந்த ரொப் ஜனொஃப் சொன்ன காரணம் மிகச் சாதாரணமானது: கடி இல்லாவிட்டால் சின்ன அளவில் அது செரிப் பழம் போலத் தெரிந்துவிடும். பிறகு நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு மட்டும் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் பில் புத்தகமும் ரப்பர் சீலும் ஒரே நிறம்தான். 1961இல் உலக வனவிலங்கு நிதியம் பண்டாவைத் தேர்ந்தெடுத்ததில் அச்சுச் செலவும் ஒரு காரணம், கறுப்பு வெள்ளையிலேயே முழு மிருகமும் வந்துவிடுகிறதே. இன்றைய பண்டா லோகோவில் தலையிலும் முதுகிலும் வெளிக்கோடே கிடையாது, நம் கண்தான் அதைப் போட்டு முடிக்கிறது. கறுப்பில் நிற்காத லோகோவை எந்த நிறமும் காப்பாற்றாது.

இனி எழுத்து. நம் ஊரில் அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். பலகையில் மூன்று மொழி வேண்டும், ஆனால் ஆங்கிலத்தில் லோகோவை முடித்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் தமிழையும் சிங்களத்தையும் செருகுகிறார்கள். தமிழில் 'கி' மேலே ஏறும், 'ரு' கீழே இறங்கும், சொற்களும் நீளம். அதற்கு இடம் விடாமல் நெருக்கினால் எழுத்து நசுங்கிவிடும். தடித்த எழுத்துருவில் நம் ஊர்ப் பெயரையே சின்னதாக அடித்துப் பாருங்கள், 'ண'வின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புக் கட்டியாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி காணாமலே போகும். அதனால் தமிழில் இருந்து தொடங்குங்கள். மூன்று மொழியிலும் கோட்டின் தடிப்பு ஒன்றாக இருக்கட்டும். நோட்டோ சான்ஸ் எழுத்துரு தமிழுக்கும் சிங்களத்துக்கும் இலவசமாகவே கிடைக்கிறது, பரிசோதித்துப் பார்க்க அது போதும். எழுத்துக்குள்ளேயே படம் ஒளிந்திருக்கிறதா என்றும் தேடுங்கள். கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸின் லோகோவில் ஆங்கில ஈ எழுத்துக்கும் எக்ஸ் எழுத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடம் ஒரு அம்பு, 1994இல் லின்டன் லீடர் கண்டெடுத்தது. நம் 'ப'வின் வாய் மேலே திறந்திருக்கிறது, மேலே கொஞ்சம் ஆவி பறக்கவிட்டால் ஒரு பிளேன்டீக் கப். நேரம் கிடைத்தால் கடற்கரைக்குப் போய், வள்ளங்களின் பக்கவாட்டில் தூரிகையால் எழுதிய பெயர்களைப் படம் எடுத்து வாருங்கள். கொக்கா கோலாவின் எழுத்தும் 1886இல் நிறுவனத்தின் கணக்கெழுத்தாளர் ஃபிராங்க் ரொபின்சன் அந்தக் காலத்து அழகுக் கையெழுத்தில் எழுதியதுதான்.

நிறத்துக்கு ஒரு எச்சரிக்கை. இங்குள்ள வெயிலில் அச்சடித்த பனரில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும், நீலமும் கறுப்பும் பிந்தித்தான் போகும். சிவப்புத்தான் வேண்டுமென்றால் வெளிப் பலகைக்குப் பெயின்ட் அடியுங்கள்.

டிசைனரிடம் காசு கொடுக்கும்போது ஜேபெக் (சாதாரணப் படக் கோப்பு) மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எஸ்விஜி அல்லது வெக்டர் பிடிஎஃப் கட்டாயம் கேளுங்கள், படத்தைப் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகவே வைத்திருக்கும் கோப்பு அது, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. கறுப்பு மட்டும் உள்ள பிரதியும், நிறங்களின் எண்களும் வேண்டும். இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்து ஒட்டித் தந்தாரா என்று நேராகவே கேளுங்கள், பிறகு லோகோவை வர்த்தகக் குறியாகப் பதிவு செய்யப் போகும்போது அது உங்களுக்குத்தான் வினை.

பதிவு என்றால் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின்படி. ஒரு தடவை பதிந்தால் 10 வருடம், பிறகு புதுப்பிக்கலாம். அனுமதியில்லாமல் தேசியக் கொடியையோ அரச இலச்சினையையோ லோகோவுக்குள் வைத்தால் ஏற்கமாட்டார்கள்.

அப்புறம், முகநூலில் நாலு பேர் சொன்னார்கள் என்று ஆறு மாதத்தில் மாற்றிவிடாதீர்கள். 2010 ஒக்டோபரில் கேப் என்ற அமெரிக்கத் துணி நிறுவனம் லோகோவை மாற்றியது, சனம் திட்டிய திட்டில் ஒரு வாரத்துக்குள் பழையதற்கே திரும்பியது. மாற்றியே ஆகவேண்டும் என்றால் எழுத்தைக் கொஞ்சம் திருத்துங்கள், அந்த நீலக் கதவை மட்டும் தொடாதீர்கள்.