செம்பனைத் தோட்டச் சாலையில் ஒரு சொகுசு எஸ்யூவியை மதிப்பிடும் முறை

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பாடாங் செராய் போன்ற ஒரு தோட்டப்புறச் சிற்றூரில், கோவில் திருவிழாவுக்கு வந்த யாரோ ஒருவருடைய போர்ஷே கயெனோ ரேஞ்ச் ரோவரோ சாலையோரம் நின்றால், அதைச் சுற்றி ஐந்து நிமிடத்தில் இரண்டு கருத்துகள் பிறந்துவிடும். ஒன்று, இவ்வளவு பணத்தை இரும்பில் போடுவது வீண் என்பது. மற்றொன்று, வாழ்ந்தால் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு வாழ வேண்டும் என்பது. இரண்டையும் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த வண்டிக்குள் ஒருமுறைகூட உட்கார்ந்திராதவர்கள். இருபது ஆண்டுகளாக இங்கே டயர் கடை நடத்தும் எனக்கு, இத்தகைய வண்டிகளின் அடிப்பகுதியைப் பார்க்கும் வாய்ப்பு அவற்றின் முகப்பைப் பார்க்கும் வாய்ப்பைவிட அதிகமாகவே கிடைத்திருக்கிறது. அண்மையில் என் அக்காள் மகன் பழைய கயென் ஒன்றை வாங்க எண்ணி, "மாமா, நீங்கள் வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டபோது, அவனுக்காக வகுத்த முறையையே இங்கே எழுதுகிறேன். வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் ஒரு நேர்மையான கருத்துக்கு வர இதைப் பின்பற்றலாம்.

முதலில் ஒரு குறிப்பேட்டை எடுத்து, அந்த வண்டியில் உங்களை இழுப்பது எது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வேகம், மதிப்பு, பாதுகாப்பு என்று பலர் எழுதுவார்கள். ஆனால் தோட்டத்தில் வளர்ந்த என் தலைமுறையினரை இழுப்பது பெரும்பாலும் உயரம்தான் என்பது என் உறுதியான எண்ணம். என் பெற்றோர் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய காலத்தில், தோட்ட நிருவாகியான துரையின் லேண்ட் ரோவர் வரும் ஓசை கேட்டதும் மிதிவண்டியில் போகிறவர்கள் இறங்கி ஓரமாக நிற்பார்கள். லயம் எனப்பட்ட தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசலில் விளையாடிய எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் உயரத்தில் ஒரு சன்னலும் அதிலிருந்து கீழே பார்க்கும் ஒரு முகமும்தான். 1948இல் பிறந்த அந்த வேலைவண்டியின் வழியில் 1970இல் ரேஞ்ச் ரோவர் வந்தது. சேற்றில் போகும் வண்டியும் சொகுசான இருக்கையும் ஒன்றாகச் சேரும் என்பதை உலகுக்குக் காட்டியவற்றில் அது முதன்மையானது. இன்று நாம் அந்த உயரத்தில் உட்கார விரும்புவதில் தவறேதும் இல்லை. ஆனால் விரும்புவது அதைத்தானா என்று தெரிந்துகொண்டு விரும்ப வேண்டும்.

அதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. விற்பனைக்கூடத்துக்குப் போவதற்கு முந்தின நாள், தெரிந்தவரிடம் ஒரு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்அப் வண்டியைக் கேட்டு வாங்கி, தோட்டச் சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். உயரமான இருக்கையும் முன்னால் தெளிவாகத் தெரியும் பாதையும் அதிலேயே உங்கள் மனத்தை நிறைத்துவிட்டால், நீங்கள் தேடியது உயரமே. அதற்குப் பல இலட்சம் வெள்ளி (ரிங்கிட்) தேவையில்லை. மனம் நிறையவில்லை, ஓசையும் ஆட்டமும் உறுத்துகின்றன, வளைவில் வண்டி தயங்குகிறது என்று தோன்றினால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

இங்கே கொஞ்சம் வரலாறு தெரிந்திருப்பது நல்லது. பந்தய வகை கார்களுக்குப் பெயர்பெற்ற போர்ஷே, 1990களில் கடும் பணநெருக்கடியைக் கடந்து வந்த நிறுவனம். 2002இல் அது கயெனை வெளியிட்டபோது, தாழ்வான 911 வகையைப் போற்றிய பலர் முகம் சுளித்தார்கள். ஆயினும் அந்த வண்டி விற்று ஈட்டிய பணமே அவர்கள் போற்றிய கார்களையும் வாழவைத்தது. அதன்பின் பென்ட்லி 2015இல் பென்டைகாவையும், லம்போர்கினி 2017இல் உருஸையும் கொண்டுவந்தன. 2022இல் ஃபெர்ராரிகூட நான்கு கதவுகள் கொண்ட உயரமான புரோசாங்குவேயை அறிமுகப்படுத்தியது. இவற்றுள் இன்றைய கயென், பென்டைகா, உருஸ் ஆகியவை ஆவ்டி கியூ7, வோக்ஸ்வாகன் துவாரெக் ஆகியவற்றோடு ஒரே அடித்தளக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே சின்னத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு இயந்திரத்திலும் பிரேக்கிலும் உள்வேலைப்பாட்டிலும் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை விற்பனையாளரிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நம் வட்டாரத்தினருக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை நான் பெருமையோடு சொல்கிறேன். சைம் டார்பி என்ற பெயரைத் தோட்டப் பலகைகளில் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். 1910இல் மலாக்காவில் ரப்பரை நம்பித் தொடங்கிய அந்த நிறுவனம் 2017இல் தன் தோட்டப் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டு, வாகனத் தொழிலைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. ஐரோப்பாவுக்கு வெளியே போர்ஷே தன் காரின் பாகங்களைப் பூட்டி உருவாக்கிய முதல் இடம், அந்த நிறுவனத்தோடு சேர்ந்து 2022இல் தொடங்கிய நம் வட்டாரத்துக் கூலிம் ஆலையே. அங்கே பூட்டப்பட்ட கயென் ஏறக்குறைய 550,000 வெள்ளிக்கு விற்பனைக்கு வந்தது. பால்மரம் நின்ற மாவட்டத்தில் இந்த வண்டி பூட்டப்படுவது என் மனத்தை அசைக்கிறது. ஆனால் அது அசைவுதான், வாங்குவதற்குரிய காரணமன்று என்று குறிப்பேட்டில் வேறு பக்கத்தில் எழுதிவைத்தேன்.

அடுத்தது வலிமை. உருஸ் வெளிவந்தபோது அதன் திறன் 650 குதிரைத்திறன். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 3.6 விநாடி போதும். உச்ச வேகம் 305. கணக்கிட்டுப் பார்த்தால், அந்த 3.6 விநாடியும் சராசரியாக உங்கள் உடல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு விசை உங்களை இருக்கையோடு அழுத்துகிறது. ஒருமுறை அனுபவிக்க அது வியப்பானதே. ஆனால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிப்பது 110. பாலிங் செல்லும் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் கிடைப்பதோ 50 அல்லது 60. ஆகவே சோதனை ஓட்டத்தில் உச்ச வேகத்தைத் தேடாதீர்கள். முந்திச் செல்லச் சட்டம் அனுமதிக்கும் நேரான பகுதியில், 60இலிருந்து 90க்கு ஏறும் அந்தச் சில விநாடிகளைக் கவனியுங்கள். கியர் பெட்டி உடனே புரிந்துகொள்கிறதா, இயந்திரம் கத்தாமல் இழுக்கிறதா, உங்கள் கை இறுகுகிறதா தளர்கிறதா என்று பாருங்கள். இவ்வகை வண்டியின் உண்மையான கவர்ச்சி எனக்கு அங்கேதான் தெரிந்தது. எதிர்ச் சாலையில் நாம் இருக்கும் நேரம் குறைகிறது, அச்சமும் குறைகிறது.

வலிமையைப் பார்த்த கையோடு எடையையும் பார்க்க வேண்டும். இவ்வகை வண்டிகள் பொதுவாக இரண்டு டன்னுக்கு மேற்பட்டவை, நம் ஊரில் பரவலான சிறிய காரான மைவி ஏறத்தாழ ஒரு டன். ஒரே வேகத்தில் போனாலும் நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு. வேகம் 80இலிருந்து 110 ஆனால் அந்த ஆற்றல் இன்னும் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இவ்வளவு உயரமும் எடையும் கொண்ட ஒன்று வளைவில் சாயாமல் நிற்பதற்குக் காரணம் மந்திரம் அன்று; வேகம் கூடும்போது உடலைத் தாழ்த்தும் காற்றுச் சஸ்பென்ஷனும், சில வகைகளில் 48 வோல்ட் மின்மோட்டாரால் சாய்வைத் தடுக்கும் தண்டும், மெதுவாகத் திரும்பும்போது முன்சக்கரத்துக்கு எதிர்த்திசையில் சிறிது திரும்பும் பின்சக்கரமும்தான். இவை வேலை செய்யும்போது உண்டாகும் நிதானத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பழுதானால் இவை ஒவ்வொன்றும் தனிச் செலவு என்பதையும் மறக்கக் கூடாது.

டயரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனைக்கூடத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை. டயரின் பக்கச்சுவரில் 315/35 ஆர் 21 என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 315 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 35 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 110 மில்லிமீட்டர் என்று பொருள். ஹைலக்ஸில் பரவலாகக் காணப்படும் 265/65 ஆர் 17 டயரில் அதே பக்கச்சுவர் 172 மில்லிமீட்டர். அந்த 60 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் தோட்டச் சாலையின் குழியையும், மழைக்குப் பின் செம்மண்ணில் தலைநீட்டும் கல்லையும், உடைந்த மதகின் ஓரத்தையும் தாங்கிக்கொள்வது. அது இல்லாத இடத்தில் அடி நேராக ரிம்மில் விழுகிறது. என் கடைக்கு வந்த சொகுசு எஸ்யூவிகளில் பாதிக்கு மேல் தேய்ந்த டயருக்காக வரவில்லை. பக்கச்சுவர் புடைத்தோ ரிம் வளைந்தோதான் வந்தன.

எனவே வண்டியைப் பார்க்கும்போது கீழே குனிந்து இந்த எண்களைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய ரிம்மும் உயரமான டயரும் அதே வகை வண்டிக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தினால் அழகு கொஞ்சம் குறைந்தாலும் நம் ஊருக்கு அதுவே சரி. பின்பக்கப் பெட்டியின் தரையைத் தூக்கி, முழு அளவு மாற்றுச் சக்கரம் இருக்கிறதா, அல்லது ஒட்டும் திரவமும் காற்றடிக்கும் கருவியும் மட்டும்தானா என்று பாருங்கள். கிழிந்த பக்கச்சுவரை அந்தத் திரவம் காப்பாற்றாது. இந்த அளவு டயர் சிற்றூர்க் கடைகளில் இருப்பில் இருப்பது அரிது. வரவழைக்கும்வரை வண்டி நிற்கும். ஒரு டயரின் விலையில் மைவிக்கு நான்கும் மாற்றிவிடலாம். நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டியில் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் சுற்றளவு வேறுபட்டு, முன் அச்சையும் பின் அச்சையும் சேர்க்கும் நடு இணைப்புக்குச் சுமை ஏறும் என்பதால், குறைந்தது ஓர் அச்சுக்கு இரண்டாகவே மாற்ற வேண்டியிருக்கும்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தீபகற்ப மலேசியாவில் எஸ்யூவிகளுக்குரிய சாலை வரி செடான் வகையைவிடக் குறைவு என்பது பலருக்கும் தெரியாத நல்ல செய்தி: ஏறக்குறைய 4,000 சிசி இயந்திரத்துக்கு எஸ்யூவியில் சுமார் 3,230 வெள்ளி, செடானில் சுமார் 6,600 வெள்ளி. தயாரிப்பாளர் உயர்ரகப் பெட்ரோலைக் கேட்டால், வாரந்தோறும் விலை மாறும் ரோன் 97 பெட்ரோலைக் கணக்கில் வையுங்கள். 550,000 வெள்ளியில் பத்து விழுக்காடு முன்பணம் போக மீதி 495,000 வெள்ளியை, ஒன்பது ஆண்டுகளுக்கு 3 விழுக்காட்டு நிலைவட்டியில் (ஆண்டுதோறும் முழுக் கடன் தொகைக்கும் கணக்கிடும் வட்டி) கடன் வாங்கினால், மாதம் சுமார் 5,820 வெள்ளி கட்ட வேண்டும். வட்டி மட்டும் 133,650 வெள்ளி. இந்த எண்ணை வீட்டில் அனைவரும் பார்க்கும்படி எழுதி வைத்த பிறகும் ஆசை இருந்தால், அது நிலையான ஆசை.

பழைய வண்டியாகவோ, வெளிநாட்டில் ஓடி இறக்குமதியான ரீகண்டிஷன் வண்டியாகவோ பார்ப்பவர்கள், காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே போக வேண்டும். முந்தின இரவு வண்டியை நிறுத்திய நிலையிலேயே விடச்சொல்லி, நான்கு மூலைகளிலும் சக்கர வளைவின் உயரத்தை அளந்து பாருங்கள். ஒரு வாடிக்கையாளர் எங்கோ வாங்கிவந்த வண்டி மறுநாள் விடிகாலையில் பின்பக்க ஒரு மூலை இறங்கி நின்றது. காற்றுச் சஸ்பென்ஷனின் பை கசிந்திருந்தது. விற்றவர் முதல் நாள் இயந்திரத்தை ஓடவிட்டபடியே காட்டியிருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. அந்த மனிதரின் முகத்தில் கண்ட ஏமாற்றம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சம்மதிக்காத இடத்தில் முன்பணம் கொடுக்காதீர்கள். உங்கள் போமனை (மெக்கானிக்கை) கையோடு அழைத்துச் செல்லுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு, சோதனை ஓட்டத்தை நீங்கள் நாள்தோறும் போகும் பாதையிலேயே செய்ய அனுமதி கேளுங்கள். விற்பனைக்கூடத்தைச் சுற்றிய வழவழப்பான சாலையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கிப் பின்னிருக்கையில் உட்காருங்கள், கூடவே வீட்டுப் பெரியவர் ஒருவரையும் உட்கார வையுங்கள். ஓட்டுபவருக்கு உறுதியாகத் தோன்றும் சஸ்பென்ஷன் பின்னால் இருப்பவருக்குக் குலுக்கலாகத் தோன்றலாம். ஓட்டுபவர் மகிழும் வேகம் பின்னால் குமட்டலாகலாம்.

நாங்கள் என் அம்மாவை அழைத்துச் சென்றோம். நின்ற இடத்தில் உடலைத் தாழ்த்தும் பொத்தானை அழுத்திய பிறகும், ஒரு கையை என் தோளிலும் மறு கையைப் பேரன் தோளிலும் வைத்துத்தான் அவரால் ஏற முடிந்தது. பழைய லயங்கள் இருந்த இடத்தைக் கடந்தபோது சன்னலோரம் நகர்ந்து, செம்பனை வரிசையைக் கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். எப்படி இருக்கிறது பாட்டி என்று அவன் கேட்டதற்கு, "உயரம் நன்றாக இருக்கிறது ஐயா, ஆனால் ஏறி இறங்க இரண்டு பேர் வேண்டுமே" என்றார். குறிப்பேட்டில் குதிரைத்திறன் எழுதியிருந்த வரிக்கு மேலே அதை எழுதச் சொன்னேன், அவன் எழுதினான். அடுத்த சனிக்கிழமை மழை பெய்தால் அதே பாதையில் இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பதென்று விற்பனையாளரிடம் சொல்லிவிட்டு வந்தோம்.